துருவுக்குப் போட்ட எண்ணெய்

இப்போதெல்லாம் மனுஷனுக்குத் தன் கையால் ஒரு வேலை செய்ய வெட்கமாக இருக்கிறது. வண்டி வாங்கத் தெரிகிறது, ஓட்டத் தெரிகிறது, பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துப் போடத் தெரிகிறது. கழுவ மட்டும் தெரியாது. அதற்கு ஒரு கடை. வாட்டர் வாஷாம். ஒருத்தன் பைப்பைப் பிடித்துப் பீய்ச்சி அடிப்பான், நுரையை அள்ளிக் கொட்டுவான், வண்டிக்காரன் ஓரமாக நின்று செல்போனைத் தேய்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் எந்த இடுக்கில் போய் நின்றது, எந்தத் திருகு ஆடுகிறது, ஒன்றையும் குனிந்து பார்க்க மாட்டான். குனிந்தால் இடுப்பு தேய்ந்துவிடும்.

தேவசகாயம் இதைச் சொல்லாத நாளில்லை. திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியே ஒரு வாட்டர் வாஷ் கடை வந்துவிட்டது. அதைத் தாண்டும்போதெல்லாம் காறித் துப்பிவிட்டுத்தான் போவார். கடைக்காரனும் பழகிவிட்டான், "இன்னா பெரியவரே, சளியா?" என்று கேட்பான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருமகன் ஜெனித், அவர் மகள் நித்யா மேரியைப் பின்னால் உட்காரவைத்து மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்து இறங்கினான். வழியெல்லாம் மழை. வண்டி எது, சேறு எது என்று தெரியவில்லை.

"இன்னா மாப்ள, ஏர் ஓட்டிட்டா வர்றீங்க?" என்றார் தேவசகாயம்.

"நெல்லிக்குப்பம் தாண்டி ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கான் மாமா. நாளைக்கு சிதம்பரம் போயிட்டு வந்து வாட்டர் வாஷ் உட்டுக்கலாம்."

"உட்டுக்கலாம், உட்டுக்கலாம். ஏன், தண்ணிக்குப் பஞ்சமா, கைக்கு வாதமா?"

"ப்பா, வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத" என்றாள் நித்யா. "நாளைக்கு எனக்கு டெஸ்ட்டு."

அந்த டெஸ்ட்டுக்காகத்தான் வந்திருந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு தனியார் காலேஜ் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. காலையில் பத்து மணிக்கு டைப் அடித்துக் காட்ட வேண்டும். மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நித்யா தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் பண்ணியவள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் இன்ஸ்டிடியூட்டுக்குப் போவதை விடவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் மடியில் தாளம் போடும். ஜெனித்துக்கு ஏசி மாட்டுகிற வேலை. வெயில் காலத்தில் வேலை ஜாஸ்தி, மழைக் காலத்தில் வீட்டில் கிடப்பான். மாசம் பிறந்தால் நிச்சயமாக ஒரு சம்பளம் வருகிற இடத்தை அவள் தேடிக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டு வந்த முதல் காகிதம் இது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

தேவசகாயத்துக்கு இதெல்லாம் தெரியும். வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வராது. மூன்றாவதோடு படிப்பை நிறுத்தியவர். முப்பத்தெட்டு வருஷம் லாரியில் கிளீனர். கூட வேலைக்குச் சேர்ந்தவனெல்லாம் டிரைவராகிப் போனான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறிய இவர் மட்டும் கடைசி வரைக்கும் துணியும் வாளியுமாக நின்றார். அண்ணாகிராமம் பக்கத்திலிருந்து முந்திரி மூட்டையும் பலாவும், முதுநகர் துறைமுகத்திலிருந்து கருவாடும் ஏற்றிப் போகிற லாரி. உப்புக்காற்று இரும்பைத் தின்கிற ஊர் இது. டிரைவர் சுப்பராயலு அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பாடம்: இரும்பு தெரிந்தால் எண்ணெய் போடு. ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய், கீலுக்கு எண்ணெய், போல்டுக்கு எண்ணெய். டீசலும் வேஸ்ட் ஆயிலும் கலந்து ஒரு பாட்டிலில் எப்போதும் வைத்திருப்பார். இன்றைக்கும் அவர் வீட்டுக் கதவு கத்தியதில்லை, சைக்கிள் செயின் கத்தியதில்லை. கத்துகிறது பெண்டாட்டி சவரியம்மாள் மட்டும்தான் என்பார்.

சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்கெல்லாம் மருமகன் வண்டியை வாசலில் நிறுத்தி இரண்டு வாளி தண்ணீரோடு உட்கார்ந்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. மகள் இப்படிச் சேற்று வண்டியில் போய் காலேஜ் வாசலில் இறங்கினால் எவன் மதிப்பான்?

சவரியம்மாள் எட்டிப் பார்த்தாள். "தன் மொபெட்டு மேல காக்கா எச்சம் காய்ஞ்சு கெடக்குது. மாப்ள வண்டிக்கு மட்டும் அபிஷேகமா?"

"போயி காப்பி போடு. வாய்க்கு எண்ணெ போடறேன் அப்பறமா."

கழுவுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. சைலன்சர் வாயை ஒரு பிளாஸ்டிக் பையால் கட்டினார். சேற்றை முதலில் நனைத்து ஊறவிட்டார். ஊறாமல் தேய்த்தால் பெயிண்டு கீறும். ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கிழித்து வாளியில் கலக்கி, பழைய பனியன் துணியால் டேங்கியைத் துடைத்தார். ஸ்விட்சுப் பக்கம் தண்ணீர் படாமல் ஈரத்துணி மட்டும். மட்கார்டுக்கு அடியில் கையை விட்டுக் கட்டி கட்டியாகச் சேற்றை எடுத்தார். செயினுக்கு டீசல் போட்டுப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பல் பல்லாகத் தேய்த்தார். அரைமணி நேரத்தில் வண்டியின் நிறம் நீலம் என்பது தெரிந்தது.

முன் சக்கரத்துக்கு வந்தபோது அவருக்குச் சுருக்கென்றது. சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு வட்டத் தகடு. தகடு முழுக்கப் பொடிப் பொடியாக ஓட்டை. ராத்திரி மழையில் நனைந்து தகடு பூராவும் செம்பழுப்பாகத் துரு ஏறியிருந்தது.

"அழகுக்கு ஒரு தட்டை மாட்டி வெச்சிருக்கான். அதையும் துரு தின்ன உட்டுட்டான். வண்டி வாங்கி ஒரு வருஷம் ஆகல" என்று முனகினார்.

அவருக்குத் தெரிந்த பிரேக் எல்லாம் டிரம்முக்குள் இருக்கும். லாரிக்கும் அப்படித்தான், அவருடைய மொபெட்டுக்கும் அப்படித்தான். உள்ளே மூடி வைத்திருப்பதுதான் பிரேக். வெளியே பளபளவென்று தெரிவது பிரேக்காக இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. உப்புத்தாள் எடுத்து அந்தத் தகட்டை இரண்டு பக்கமும் தேய்த்தார். வெள்ளி மாதிரி வந்தது. பிறகு பாட்டிலைச் சாய்த்துத் துணியை நனைத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டே எண்ணெயைப் பூசினார். தகட்டின் மேல் துருத்திக்கொண்டிருந்த பெட்டியின் இடுக்குக்குள்ளும் நாலு சொட்டு விட்டார். இனி ஒரு மாசத்துக்குத் துரு கிட்ட வராது.

ஆறரைக்குப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்த நித்யா அப்படியே நின்றுவிட்டாள்.

"ப்பா! இன்னாப்பா இது, ஷோரூம்லேருந்து எடுத்தாந்த மாதிரி இருக்குது!"

"உங்க ஊட்டுக்காரருகிட்ட சொல்லு. இதுக்குப் பேருதான் கழுவறது."

ஜெனித் சிரித்தான். "மாமா, பேசாம நீங்களே ஒரு கடை போட்டுடுங்க."

"போடறேன். மொத ஆளா உங்களத்தான் வேலைக்கு வெப்பேன்."

சவரியம்மாள் மகள் நெற்றியில் சிலுவை போட்டாள். தேவசகாயம் எதுவும் போடவில்லை. வண்டி தெரு முனை திரும்புகிற வரைக்கும் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் மனசு நிறைந்திருந்த காலை அது.

எட்டு மணிக்குப் போன் வந்தது. ஜெனித்தான் பேசினான். புதுச்சத்திரம் தாண்டி விழுந்துவிட்டார்களாம். ஆட்டோ பிடித்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். உயிருக்கு ஒன்றுமில்லையாம். நித்யாவுக்குக் கையாம்.

"எந்தக் கை?" என்று கேட்டாள் சவரியம்மாள்.

"வலது கை அத்த."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பஸ்ஸில் போகும்போது தேவசகாயம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். "வேகமா போயிருப்பான். இல்லன்னா போன் பேசியிருப்பான். இவனுங்களுக்கு முன்னாடி ரோடு இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது." சவரியம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் பெஞ்சியில் நித்யா உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிப் பொம்மை விரல் மாதிரி இருந்தன. ஆறு வாரத்துக்கு அசைக்கக் கூடாதாம். புடவை கிழிந்திருந்தது. அவள் அழவில்லை. மணி பதினொன்றே முக்கால். சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலேஜுக்குப் போன் பண்ணியாம்மா?" என்றாள் சவரியம்மாள்.

"பண்ணேன். மத்த ரெண்டு பேரும் வந்துட்டாங்களாம். அடிச்சும் காட்டிட்டாங்களாம். ஒரு பொண்ண திங்கக்கெழமையே வரச் சொல்லிட்டாங்களாம்." கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "உடம்பப் பாத்துக்கோங்கன்னு சொன்னாங்க. மரியாதையாத்தான் பேசுனாங்க."

தேவசகாயம் மருமகன் பக்கம் திரும்பினார். அவன் முழங்கால் பேண்ட்டோடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"எவ்ளோ வேகத்துல போன?"

இதுவரை மருமகனை அவர் 'நீ' என்று சொன்னதில்லை. ஜெனித்துக்கு அது உறைத்தது.

"அம்பதுதான் மாமா. அது வரைக்கும் ரோடு காலி, பின் பிரேக்குலயே வந்துட்டேன். ஒரு ஆடு குறுக்க பூந்துச்சு. முன் பிரேக்க அழுத்திப் புடிச்சேன். புடிக்கல. பிரேக்கே இல்லாத மாதிரி போவுது. பின் பிரேக்க ஓங்கி மிதிச்சேன், ஈர ரோடு, இழுத்துட்டுப் போயி சாச்சிடுச்சு."

"பிரேக்கு புடிக்கல. ஆடு பூந்துடுச்சு. ரோடு ஈரம். உன்னத் தவர எல்லாத்து மேலயும் தப்பு."

"ப்பா, அவரு மெதுவாத்தான் வந்தாரு" என்றாள் நித்யா. "நான்தான கூட இருந்தேன்."

"நீ இன்னாத்தக் கண்ட பின்னாடி உக்காந்து!"

வண்டியை ஒரு சின்ன லோடு வண்டியில் ஏற்றி பைபாஸ் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு அனுப்பியிருந்தான் ஜெனித். மெக்கானிக் கலைமணி அவனுக்குத் தெரிந்தவன். மருந்து வாங்கி, சீட்டு வாங்கி முடித்துப் பெண்கள் ஆட்டோவில் வருவதாகப் பேச்சு. ஆண்கள் இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். ஒருத்தன் நொண்டிக்கொண்டு, ஒருத்தர் முறைத்துக்கொண்டு.

ஷெட்டில் வண்டி நின்றது. ஹேண்டில் கோணியிருந்தது. ஒரு பக்கம் பெயிண்டு உரிந்திருந்தது. மற்றபடி இன்னமும் பளபளவென்றுதான் இருந்தது.

கலைமணி நாற்பது வயது ஆள். பேசிக்கொண்டே வேலை செய்கிறவன். முன் சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் துணியால் அந்த ஓட்டைத் தகட்டை ஒரே இழுப்பு இழுத்தான். துணி கறுத்தது. மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"டீசல். வேஸ்ட் ஆயிலு. மச்சான், எவன் டிஸ்க்குல எண்ணெ தடவுனது?"

ஜெனித் முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். காலையில் பார்த்த வண்டி இப்போதுதான் அவன் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்க வேண்டும். மாமனாரை ஒரு தரம் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டான்.

"டிஸ்க்குன்னா?" என்றார் தேவசகாயம்.

"இதான் பெரியவரே பிரேக்கு. இந்தத் தகட்ட ரெண்டு பக்கமும் ரெண்டு கட்டை கவ்விப் புடிக்கும். கவ்வுனாத்தான் சக்கரம் நிக்கும். இதுல எண்ணெ பட்டா வழுக்கிட்டுப் போவும். தோ, நீங்களே பாருங்க."

கலைமணி பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டான். "தள்ளுங்க" என்றான். தேவசகாயம் தள்ளினார். எழுபது வயசுக் கை தள்ளியது. வண்டி தடையில்லாமல் உருண்டது.

"பாத்தீங்களா? பிரேக்கு புடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

தேவசகாயம் அவன் விரல்களைப் பார்த்தார். பிடித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று வெளியே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? மெக்கானிக் புத்தி அவருக்குத் தெரியாததா? நன்றாக இருக்கிற சாமானைப் பழுது என்று சொன்னால்தானே புதுசு விற்கும்.

"துரு இருந்தா இன்னா பண்றதாம்?" என்றார்.

"எது, மழையில வர்ற துருவா? ஒரு தடவ பிரேக்கு புடிச்சா அதுவே தேய்ஞ்சு போயிடும். அதுக்குப் போயி எவனாச்சும் எண்ணெ போடுவானா?"

ஜெனித் மாமனாரின் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனான். குரலைத் தாழ்த்தினான். "மாமா, உடுங்க. நித்யா இப்ப வந்துடுவா. அவளுக்கு இது தெரிய வேணாம். நான் பாத்துக்கறேன்."

தேவசகாயத்துக்கு உடம்பு எரிந்தது. எதைப் பார்த்துக்கொள்கிறான்? இன்றைக்கு மூடி வைப்பான். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் எடுத்து நீட்டுவான். காலம் பூராவும் இவன் தயவில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். சும்மா எவன் யாருக்காகப் பொய் சொல்கிறான்?

"இன்னாத்த மச்சான் ரகசியம்?" என்றான் கலைமணி.

"ஒண்ணுமில்ல" என்றான் ஜெனித். "நேத்து சாயங்காலம் ஒரு வாட்டர் வாஷ் கடையில உட்டேன். அவனுங்க போட்டிருப்பானுங்க."

"அதான பாத்தேன். கழுவறேன்னு உக்கார்றவனுக்கு வண்டியப் பத்தி ஒரு எழவும் தெரியாது. வேல தெரியாத கை. அந்தக் கையத்தான் ஒடைக்கணும். அந்தப் பொண்ணு கை ஒடஞ்சதுக்கு..."

ஒரு நொடி பேசாமல் இருந்திருந்தால் போதும். பழி நாலு வீடு தள்ளி, அவர் தினமும் துப்புகிற அந்தக் கடையின் தலையில் போய் விழுந்திருக்கும். அவர் சொல்லி வந்ததெல்லாம் நிஜம் என்றும் ஆகியிருக்கும். ஆனால் வேலை தெரியாத கை என்ற பேச்சை அவரால் பொறுக்க முடியவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருத்தன் சொன்னதில்லை அதை.

"எவன்டா வாட்டர் வாஷ் உட்டான்?" என்று கத்தினார். "நான் கழுவுனது அது! விடியங்காட்டி எழுந்து என் கையால கழுவுனேன்! அந்தத் தட்டத் தேய்ச்சு, துரு எடுத்து, எண்ணெ போட்டதும் நான்தான். வேல தெரியாத கையா இது?"

ஷெட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை. நித்யா இறங்கி நின்றிருந்தாள். பின்னால் சவரியம்மாள் மருந்துப் பையோடு.

கலைமணி கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். ஜெனித் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ப்பா" என்றாள் நித்யா. "நீயா போட்ட?"

"துரு புடிச்சிருந்துச்சும்மா."

"நான் அதக் கேக்கல."

"நாலு பேரு பாக்க நீ போற வண்டி. நல்லா இருக்கணும்னு..."

"நல்லாத்தான் இருந்துச்சு. நான் அதையும் கேக்கல. இதனாலதான் உழுந்தோமா?"

ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் போதும். அதைச் சொல் என்று அவள் நின்ற விதமே கேட்டது. கட்டுப் போட்ட கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, வெயிலில், அவர் வாயையே பார்த்தபடி நின்றாள். சவரியம்மாளும் பார்த்தாள். "சொல்லேன்யா" என்றாள் மெதுவாக.

தேவசகாயம் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வேறு வார்த்தைதான் வந்தது.

"எண்ணெ போட்டா இரும்புக்கு நல்லதுதான். கட்டை தேய்ஞ்சிருக்கும். அதத்தான் உன் ஊட்டுக்காரன் மறைக்கறான்."

கலைமணி ஸ்பேனரை எடுத்தான். இரண்டு போல்டைக் கழற்றி உள்ளேயிருந்த கட்டைகளை உருவினான். ஒன்றைக் கொண்டுவந்து பெரியவர் உள்ளங்கையில் வைத்தான். அது பாதிகூடத் தேயவில்லை. எண்ணெய் குடித்து ஊறிப்போய் கன்னங்கரேல் என்று இருந்தது. பிறகு தகட்டைப் பெட்ரோலால் துடைத்து, புதுக் கட்டை மாட்டி, பிரேக்கைப் பிடித்து, "இப்பத் தள்ளுங்க பெரியவரே" என்றான். அவர் தள்ளினார். முன் சக்கரம் நட்டு வைத்த கல் மாதிரி நின்றது. இன்னொரு தரம் தோளைக் கொடுத்துத் தள்ளினார். பின் சக்கரம்தான் தூக்கப் பார்த்தது.

"போதுமா?" என்றான் கலைமணி.

"புதுசு போட்டா எதுவும்தான் புடிக்கும்" என்றார்.

"உங்க கையில இருக்கற பழச பாத்தீங்கல்ல? தேயலியே."

"இது இந்த வண்டிக் கட்டைதான்னு நான் எப்பிடி நம்பறது?"

"உங்க கண்ணு முன்னாடிதான கழட்டுனேன்!"

"கண்ணு முன்னாடிதான் எல்லாவனும் ஏமாத்தறான்."

நித்யா திரும்பிவிட்டாள். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை. ஆட்டோவில் போய் உட்கார்ந்து, "நீ ஏறும்மா" என்று அம்மாவை மட்டும் கூப்பிட்டாள். ஜெனித்தையும் கூப்பிட்டாள். அவருக்கு இடம் இருந்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"வாங்க மாமா" என்றான் ஜெனித் கடைசியில், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"நீங்க போங்க. எனக்கு பஸ்ஸு தெரியும்."

ஆட்டோ கிளம்பியது. பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. திரும்பவில்லை.

தேவசகாயம் உள்ளங்கையில் இருந்த கட்டையைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது. நகத்தால் சுரண்டினார். தேயாமல் தடிமனாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அதைக் கலைமணியின் சாமான் பெட்டி மேல் வைத்தார். கறையை வேட்டியில் துடைத்தார்.

"முப்பத்தெட்டு வருஷம்" என்றார் கலைமணியிடம். "எண்ணெ போட்டு ஒரு வண்டி உழுந்ததில்ல."

"அது லாரி பெரியவரே."

"இரும்பு இரும்புதான்டா."

வேட்டியை மடித்துக் கட்டினார். பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கேட்டால் இவன் வேறு பக்கம் காட்டினாலும் காட்டுவான். பைபாஸ் ஓரமாக, லாரிகள் வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, ஆடு என்றால் ஹாரன் அடிக்க வேண்டியதுதானே, எவனும் ஹாரன் அடிக்கிறதில்லை இந்தக் காலத்தில் என்று முனகிக்கொண்டே நடந்தார்.